ஓடிய பிள்ளைக்கும் பாராட்டு! மணலைக் கிளறிய அப்பாவுக்கும் பாராட்டு!

வயது போதாது, போட்டியில் சேர்க்க முடியாது.

இந்தப் பதிலைக் கேட்டு முகம் சுண்டித் திரும்பிப் போனவர்கள் 3 சிறுவர்கள். ஊர், ஆஸ்திரேலியாவில் உள்ள கீலாங். வருடம் 1963.

ஓட வேண்டும் என்று ஆசையோடு வந்த பையன்கள். அங்கே நடந்ததோ உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பெரிய பையன்களுக்கான தடகளப் போட்டி. பொடிசுகளுக்கு அதில் இடம் இல்லை. சட்டப்படி சரிதான். அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை!

அந்த 3 பேரால் பிறந்ததுதான் 'லிட்டில் அத்லெடிக்ஸ்' என்ற சிறுவர் தடகள இயக்கம். ஆஸ்திரேலியா முழுவதும் பரவிவிட்டது. அதில் ஓடி வளர்ந்து பெயர் எடுத்தவர்களுக்கு ஒரு மரியாதை. அவர்கள் ஓடுவதற்காக வெயிலில் நின்றவர்களுக்கும் ஒரு மரியாதை. இரண்டும் உண்டு. முதல் மரியாதைக்குரியவர்களின் படம் பேப்பரில் வரும். இரண்டாவது ரகத்தாரின் பெயர் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது.

சட்டத்தை வளைக்காத அதிகாரி

கீலாங், மெல்போர்னிலிருந்து சுமார் 75 கிலோ மீட்டர். கடலோரத் துறைமுக நகரம். கம்பளி வியாபாரத்தால் வளர்ந்த ஊர். 2016-ல் மூடப்படும் வரை போர்டு கார் தொழிற்சாலை அங்கே பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. உழைப்பாளிகளின் ஊர்.

அந்தப் போட்டியை நடத்தியவர்களில் ஒருவர் டிரெவர் பில்லிங்ஹாம். இளைஞர். வயது போதாது என்று சொல்லி அனுப்புவதோடு மற்றவர்களாக இருந்தால் மறந்திருப்பார்கள். இவருக்கு மனசு கேட்கவில்லை. பெரியவர்கள் போட்டியின் சட்டத்தை மாற்ற முடியாது. ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கென்றே தனியாக ஒரு போட்டி வைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

1964 அக்டோபரில், ஒரு சனிக்கிழமை காலை, கீலாங்கில் உள்ள லேண்டி மைதானத்தில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைத்தார். விளம்பரம், ஆர்ப்பாட்டம் எதுவும் பெரிதாக இல்லை. பிள்ளைகள் வந்தார்கள். அடுத்த வாரம் தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். 1967-ல் விக்டோரியா மாநிலத்துக்கு ஒரு சங்கம். 1972-ல் அகில ஆஸ்திரேலியாவுக்கும் ஒரு சங்கம்.

அந்த 3 பையன்கள்? கதை சொல்லுகிறவர்கள் "மூன்று பையன்கள்" என்றுதான் சொல்கிறார்கள். பேர் சொல்லும் வழக்கம் இல்லை. முதல் பாராட்டு அவர்களுக்கல்லவா போயிருக்க வேண்டும்!

நின்றதற்காக ஒரு சிலை

லேண்டி மைதானம் என்று ஏன் பெயர்? ஜான் லேண்டி, மைல் ஓட்டக்காரர். ஒரு மைலை 4 நிமிடத்துக்குள் ஓடிய உலகின் இரண்டாவது மனிதர். 1954 ஜூனில் பின்லாந்தில் அதைச் சாதித்தார். படித்தது கீலாங் கிராமர் பள்ளியில். பிற்காலத்தில் விக்டோரியா மாநில கவர்னராகவும் இருந்தார் (2001 முதல் 2006 வரை). 2022-ல் காலமானார்.

ஆனால் ஆஸ்திரேலியர்கள் அவரை நினைப்பது வேறு ஒன்றுக்காக. 1956-ல் மெல்போர்னில் தேசிய மைல் போட்டி. ஓடிக்கொண்டிருக்கும்போது ரான் கிளார்க் என்ற இளம் வீரர் தடுக்கி விழுந்தார். லேண்டி அவரைத் தாண்டிப் போனவர், நின்றார். திரும்பி வந்தார். அடிபட்டதா என்று பார்த்தார். அதற்குள் மற்றவர்கள் வெகு தூரம் போய்விட்டார்கள். பிறகு விரட்டிப் பிடித்து முதலாவதாகவும் வந்துவிட்டார்! அந்தச் சம்பவத்தைத்தான் மெல்போர்னில் சிலையாக வைத்திருக்கிறார்கள். லேண்டி குனிந்து கிளார்க்கைத் தூக்கும் சிலை. ஓட்டக்காரர் ஒருவர் நின்றதற்காக வைத்த சிலை.

அப்படிப்பட்டவர் பெயர் தாங்கிய மைதானத்தில்தான் சின்னப் பிள்ளைகளின் ஓட்டமும் ஆரம்பித்தது.

பலகை வேண்டாம், கால் தடம் போதும்

5 வயது முதல் 16 வயது வரை பிள்ளைகள் சேரலாம். ஓட்டம், தடை ஓட்டம், நீளத் தாண்டல், உயரத் தாண்டல், வட்டெறிதல், குண்டெறிதல், நடைப் போட்டி எல்லாம் உண்டு. ஆனால் பெரியவர்கள் அளவில் அல்ல. பெரிய ஆண்கள் எறியும் இரும்புக் குண்டு 7.26 கிலோ. பொடிசுகளுக்கு 1 கிலோ. நீளத் தாண்டலில் பலகையைத் தாண்டிக் கால் வைத்தால் 'பவுல்' அல்லவா? சின்னப் பிள்ளைகளுக்குப் பலகையே இல்லை. அகலமான ஒரு விரிப்பு. அதில் எங்கே கால் பட்டதோ அங்கிருந்து அளக்கிறார்கள். பிள்ளை ஒரு அங்குலம் தாண்டினாலும் கணக்கில் வரும்.

யார் முதல் என்பதை விட, போன வாரத்தை விட இந்த வாரம் நீ எவ்வளவு கூட என்பதுதான் அங்கே பேச்சு. கடைசியாக ஓடி வந்த பெண் குழந்தை, தன் பழைய நேரத்தை விட அரை வினாடி குறைத்துவிட்டால் துள்ளிக் குதித்துக்கொண்டு அம்மாவிடம் ஓடும். முதலாவது வந்த பிள்ளை, நேரம் குறையவில்லையே என்று உர்ரென்று உட்கார்ந்திருக்கும். வேடிக்கைதான்.

சம்பளம்? ஒரு காசு கிடையாது!

சரி, இத்தனை பிள்ளைகளை யார் ஓட வைப்பது? அப்பா அம்மாக்கள்தான்.

பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம் என்று அங்கே யாரும் கனவு காண முடியாது. வருகிற குடும்பத்துக்கெல்லாம் முறை வைத்து வேலை உண்டு.

ஒரு அப்பா மணல் குழி அருகில் கையில் வாருகோலோடு நிற்கிறார். பிள்ளை குதித்ததும் மணலைக் கிளறிச் சமன் செய்ய வேண்டும். அடுத்த பிள்ளை குதிக்கும். மறுபடியும் கிளற வேண்டும். ஒரு வயதுப் பிரிவில் 20 பிள்ளைகள், ஆளுக்கு 3 தாண்டல் என்றால் 60 தடவை. அடுத்து வேறு வயதுப் பிரிவு வரும். முதுகு என்னத்துக்கு ஆகும்? மாலையில் அவரால் நிமிர முடிந்தால் அதிசயம்.

இன்னொருவர் அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக் குந்தியிருப்பார். வேறொருவர் கையில் இரண்டு கொடிகள். வெள்ளை தூக்கினால் சரி, சிவப்பு தூக்கினால் தப்பு. சிவப்பைத் தூக்கியவுடன் 7 வயதுக் கண்கள் குளமாகும். அதையும் அவர் பார்த்தாக வேண்டும்.

முடிவுக் கோட்டில் 'ஸ்டாப் வாட்ச்' பிடித்தவர்கள் வரிசையாக நிற்பார்கள். தன் பிள்ளை ஓடும்போது அம்மாவுக்குக் கை தட்ட முடியாது, கத்த முடியாது. கட்டை விரல் பொத்தானில் இருக்கிறது. கண் பக்கத்துப் பாதையில் ஓடும் வேறு யார் வீட்டுப் பிள்ளையின் மேலோ இருக்க வேண்டும். பெற்ற மகள் ஜெயித்தாளா இல்லையா என்பதே அப்புறம்தான் தெரியும்.

இதில் எல்லாவற்றையும் விடச் சிரமமான வேலை 'ஏஜ் மேனேஜர்' வேலை. ஒரு வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும் கோழிக் குஞ்சுகளைப் போல ஒரு போட்டியிலிருந்து இன்னொரு போட்டிக்கு ஓட்டிப் போக வேண்டும். ஒருத்தன் ஷூ கயிறு அவிழ்ந்திருக்கும். ஒருத்திக்குத் தண்ணீர் வேண்டும். ஒருவன் காணாமலே போயிருப்பான். தேடினால் கேன்டீன் வாசலில் நிற்பான். அதற்கு நடுவில் யார் எவ்வளவு தாண்டினார்கள் என்று அட்டையில் எழுத வேண்டும். தப்பாக எழுதினால் அதே பையன், "நான் கூடத் தாண்டினேன்" என்று அடுத்த வாரம் வரைக்கும் விடமாட்டான்.

கேன்டீனில் 'சாசேஜ்' வாட்டுகிறவரும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பாதான். அந்த லாபத்தில்தான் புதுத் தடைக் கட்டைகள் வாங்குவார்கள். பெரிய கம்பெனிகளும் விளம்பரத்துக்குப் பணம் கொடுத்ததுண்டு. ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் பிள்ளைகளுக்கு இலவசமாக வாழைப்பழம் கொடுத்தது! ஆனால் வாருகோல் பிடிக்கக் கம்பெனி வராது.

பட்டியலில் ஏறிய பெயர்கள்

இப்போது மரியாதைக்கு வருவோம். அகில ஆஸ்திரேலிய அமைப்பு, முன்னாள் சிறுவர் வீரர்களில் சிறந்து விளங்கியவர்களுக்கென்று ஒரு கவுரவப் பட்டியல் வைத்திருக்கிறது. விளையாட்டில் சாதித்தவர்களுக்கு மட்டும் என்று இல்லை. வேறு துறையில் பெயர் எடுத்தவர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. இது நல்ல ஏற்பாடு. 8 வயதில் கடைசியாக ஓடியவர் பிற்காலத்தில் வேறு எதிலாவது முதலாவதாக வரலாம் அல்லவா?

இந்த இயக்கத்தில் சின்னப் பிள்ளையாக ஓடியவர்களில் ஒருவர் சாலி பியர்சன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். நேரம் 12.35 வினாடி. இரண்டாவதாக வந்தவர் 12.37. வித்தியாசம், ஒரு வினாடியை 100 பங்காக்கினால் அதில் 2 பங்கு! அதை மின்சாரக் கருவி சொன்னது. பிள்ளைப் பருவத்தில் நேரம் சொன்னவை அப்பா அம்மாக்களின் கட்டை விரல்கள்.

இன்னொருவர் நிகோலா ஒலிஸ்லாகர்ஸ், உயரத் தாண்டல் வீராங்கனை. டோக்கியோவில் 2021-ல் நடந்த ஒலிம்பிக்கில் வெள்ளி, 2024 பாரிசில் மறுபடியும் வெள்ளி. 2025-ல் அதே டோக்கியோவில் உலக சாம்பியன் ஆகிவிட்டார். போட்டிக்கு நடுவிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, தான் தாண்டியது எப்படி என்று தனக்குத்தானே மார்க் போட்டு எழுதுவார். உலகமே அதை டெலிவிஷனில் வியந்து பார்த்தது. அட்டையும் பென்சிலுமாக அலையும் ஏஜ் மேனேஜர்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

பிள்ளை போன பிறகும் வருகிறவர்

தொண்டர்களுக்கு என்ன மரியாதை? நீண்ட காலம் உழைத்தவர்களுக்கு 'ஆயுட்கால உறுப்பினர்' என்ற பட்டம். ஊர் அளவில், மாநில அளவில், தேசிய அளவில் உண்டு. சீசன் முடிவில் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் அதே விழாவில், நடுவில் ஒரு பெயரை வாசிப்பார்கள். எழுந்து வருபவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. மேடை அவருக்குப் பழக்கமில்லை. ஒரு சான்றிதழ், சட்டையில் ஒரு பேட்ஜ். பொன்னாடை, மாலை எல்லாம் கிடையாது. மறுபடியும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார்.

இவர்களில் பலருடைய சொந்தப் பிள்ளைகள் எப்போதோ வளர்ந்து போய்விட்டார்கள். ஆனாலும் சனிக்கிழமை காலை ஆனால் கால் தானாக மைதானத்துக்கு நடக்கிறது. சிலர் வீட்டில் இப்போது பேரப் பிள்ளைகள் ஓடுகிறார்கள்.

2000-ம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் சுமார் 47 ஆயிரம் தொண்டர்கள் வேலை செய்தார்கள். அவர்கள் பெயர்கள் ஒலிம்பிக் பூங்காவில் நூற்றுக்கணக்கான கம்பங்களில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. தேடிப் பார்த்து, "இதோ என் பேர்" என்று விரலால் தொட்டுக் காட்டலாம். சனிக்கிழமை மணல் கிளறியவருக்கு அப்படி ஒரு கம்பம் இல்லை.

ஒரு குறையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 20 வருடம் உழைத்தவருக்குப் பட்டம் சரி. 2 வருடம் மட்டும் வந்து, முணுமுணுக்காமல் நாடா பிடித்துவிட்டுப் போன தாய்க்கு? அவர்கள்தானே அதிகம்! அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. நாடா பிடித்த அன்றைக்கே பிள்ளைகளை விட்டு ஒரு "நன்றி" சொல்ல வைத்தால் செலவா ஆகிவிடும்? சில இடங்களில் அப்படிச் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் இல்லை.

அங்கேயும் இப்போது ஆள் கிடைப்பது கஷ்டமாகி வருகிறது. அப்பாவுக்கும் வேலை, அம்மாவுக்கும் வேலை, சனிக்கிழமையும் வேலை. வாருகோல் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் அன்றைக்கு நீளத் தாண்டல் நடக்காது. ஆசையோடு வந்த பிள்ளை திரும்பிப் போக வேண்டியதுதான், 1963-ல் அந்த 3 பேர் போனதைப் போல.

அக்டோபரில் அங்கே வெயில் காலம் ஆரம்பம். புது சீசன் தொடங்கும். பிள்ளைகள் வருவதற்கு முன்பே யாராவது வந்து ஷெட்டைத் திறந்து தடைக் கட்டைகளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். யார் யாருக்கு எந்த வேலை என்ற பட்டியலைக் கேன்டீன் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அதில் ஒரு பேனாவும் கயிற்றில் தொங்கும். பெயர் எழுதாத கட்டங்கள் இன்னும் சில பாக்கி இருக்கும்.