சக்திமான் (தொலைக்காட்சித் தொடர்)

சக்திமான் என்பது இந்திய அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்சனின் தேசிய அலைவரிசையில் 1997 செப்டம்பர் முதல் 2005 மார்ச் வரை ஒளிபரப்பான இந்தி மொழித் தொடர் ஆகும். இதன் தலைமைக் கதைமாந்தரான சக்திமான், இந்தியத் தொலைக்காட்சியில் பெரும் புகழ் பெற்ற முதல் மீநாயகனாக (சூப்பர் ஹீரோ) பொதுவாகக் கருதப்படுகிறார். முகேஷ் கன்னா இத்தொடரைத் தயாரித்து, முதன்மை வேடத்திலும் நடித்தார். இவர் 1988-1990 காலப்பகுதியில் ஒளிபரப்பான மகாபாரதம் தொடரில் பீஷ்மராக நடித்து ஏற்கனவே அறிமுகமானவர். தொடரை இயக்கியவர் தினகர் ஜானி.

கதைச் சுருக்கம்

சூரியாம்சிகள் எனப்படும் ஏழு முனிவர்கள், உலகில் பெருகிவரும் தீமையை எதிர்க்க ஒரு மனிதனைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கின்றனர். அவன் தவத்தினாலும் யோகத்தினாலும் குண்டலினி ஆற்றலை எழுப்பி, ஐம்பூதங்களின் வலிமையைப் பெற்றுச் சக்திமான் ஆகிறான். நகரில் அவன் கங்காதர் என்ற பெயரில், ஒரு நாளிதழின் ஒளிப்படக் கலைஞனாக வாழ்கிறான். தடித்த கண்ணாடியும் துருத்திய பற்களும் கொண்ட கங்காதரைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு அவனே சக்திமான் என்பது தெரியாது.

எதிர்நாயகன் தம்ராஜ் கில்விஷ். வடமொழியில் "தமஸ்" என்பது இருளையும், "கில்விஷ" என்பது பாவத்தையும் குறிக்கும். உலகில் இருளே நிலைக்க வேண்டும் என்பது இவனது முழக்கம். ஆகவே தொடரின் அடிப்படை முரண் ஒளிக்கும் இருளுக்கும் இடையிலானது.

நடிகர்கள்

முகேஷ் கன்னா - சக்திமான், கங்காதர்
கிட்டு கித்வானி, பின்னர் வைஷ்ணவி மகந்த் - செய்தியாளர் கீதா விசுவாஸ்
சுரேந்திர பால் - தம்ராஜ் கில்விஷ்
லலித் பரிமூ - அறிவியலாளர் டாக்டர் ஜாக்கால்
டாம் ஆல்டர் - மகாகுரு

பிற மீநாயகர்களுடன் ஒப்பீடு

நாளிதழில் பணிபுரியும் எளிய மனிதன் என்ற மறைவுத் தோற்றம் புதியதன்று. 1938-இல் அமெரிக்கப் படக்கதையில் அறிமுகமான சூப்பர்மேன், கிளார்க் கென்ட் என்ற பெயரில் செய்தியாளராக இருந்தான். 1962-இல் வந்த ஸ்பைடர்மேன் ஒளிப்படம் எடுப்பவன். சக்திமானின் தனித்தன்மை அவனது ஆற்றலின் மூலத்தில் உள்ளது. சூப்பர்மேன் வேற்றுக் கோளில் பிறந்ததனால் ஆற்றல் பெற்றான். ஸ்பைடர்மேன் ஒரு விபத்தினால் பெற்றான். சக்திமான் பயிற்சியினால் பெற்றான். குண்டலினி பற்றிய கருத்து தமிழ்ச் சித்தர் மரபிலும் உள்ளதால், இப்பின்னணி தமிழ்ப் பார்வையாளருக்கு அயலாகத் தோன்றவில்லை.

பகுதிகளின் அமைப்பு

ஒரு வழக்கமான பகுதியில் முதலில் கில்விஷின் ஆட்களால் நகரத்தில் ஓர் இடர் தோன்றும். கங்காதரின் நகைச்சுவை இடையில் வரும். இடர் முற்றும்போது அவன் மறைவிடம் சென்று, தன்னைத்தானே வேகமாகச் சுழற்றிக்கொண்டு சக்திமானாக மாறுவான். இறுதியில் சிறுவர்களுக்கான ஒரு சிறிய அறிவுரைப் பகுதி இடம்பெற்றது. அதில் குப்பை கொட்டுதல், பெரியோரை மதியாமை போன்ற ஏதேனும் ஒரு தவற்றைச் செய்த சிறுவனோ சிறுமியோ, சக்திமானிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

கலை நோக்கில் பார்த்தால் தொடரின் குறைகள் வெளிப்படையானவை. சண்டைக் காட்சிகள் பெரும்பாலும் ஒரே விதமாக அமைந்தன. சிறப்புக் காட்சிகள் எளிமையானவை. ஆயினும் நாயகன் சிறுவர்களை நோக்கி நேரடியாகப் பேசியதும், அன்றாட ஒழுக்கத்தைக் கதையின் ஒரு பகுதியாகவே வைத்ததும் இத்தொடரின் வலிமையாக அமைந்தன.

பறக்கும் காட்சி எவ்வாறு உருவாகிறது?

இத்தகைய தொடர்களில் பறக்கும் காட்சிகளுக்குப் பொதுவாக நிறத்திரை முறை (குரோமா கீ) பயன்படுகிறது. நடிகர் நீலம் அல்லது பச்சை நிறத் திரைக்கு முன் படம்பிடிக்கப்படுகிறார். வானம், கட்டடங்கள் முதலியன தனியே படம்பிடிக்கப்படுகின்றன. பின்னர் ஒரு மின்னணுக் கருவி, முதல் படத்தில் அந்த ஒரு நிறம் உள்ள இடங்களையெல்லாம் நீக்கி, அவ்விடங்களில் இரண்டாம் படத்தை நிரப்புகிறது. மனிதத் தோலில் நீலமும் பச்சையும் மேலோங்கி இராமையால் இந்நிறங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இதே காரணத்தால் நடிகரின் உடை திரையின் நிறத்தில் இருத்தல் கூடாது. சக்திமானின் உடை செம்பழுப்பும் பொன்னிறமும் கொண்டது.

இரு படங்களிலும் ஒளி வரும் திசை வேறுபட்டாலோ, உருவத்தின் விளிம்பு நடுங்கினாலோ, அது ஒட்டுப்படம் என்பதைக் கண்டுகொள்ளலாம். ஆனால் சிறுவர்கள் இதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.

சர்ச்சை

1990களின் இறுதியில், சக்திமான் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிச் சில சிறுவர்கள் உயரத்திலிருந்து குதித்ததாகவும், தம்மீது தீ வைத்துக்கொண்டதாகவும் நாளிதழ்களில் செய்திகள் வெளிவந்தன. தொடரை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கைகளும் எழுந்தன. இந்நிகழ்வுகளுக்குத் தொடரே காரணம் என்ற குற்றச்சாட்டை முகேஷ் கன்னா மறுத்தார். எனினும், தான் செய்வன யாவும் நடிப்பே என்றும், அவற்றை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது என்றும் நிகழ்ச்சியிலேயே சிறுவர்களுக்கு எச்சரிக்கை விடுத்தார்.

இவ்வெச்சரிக்கையின் தேவையை எளிய இயற்பியல் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். ஏறத்தாழ மூன்று மாடி உயரமான 10 மீட்டரிலிருந்து விழும் பொருள் 1.4 வினாடியில் தரையை அடைகிறது. அப்போது அதன் வேகம் வினாடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர். திரையில் நாயகன் பறந்து வந்து தாங்குவதற்குப் போதிய நேரம் இருப்பதாகத் தோன்றுவது படத்தொகுப்பினால் மட்டுமே. அங்கு உண்மையில் எவரும் அவ்வாறு விழுவதில்லை.

நிறுத்தப்பட்டமை

சிறுவர்கள் பாதிக்கப்பட்டதனால் தொடர் தடைசெய்யப்பட்டது என்பது பரவலான நம்பிக்கை. முகேஷ் கன்னா தம் நேர்காணல்களில் இதை ஏற்கவில்லை. ஒளிபரப்புக் கட்டண உயர்வையே காரணமாகக் கூறியுள்ளார். அக்காலத்தில் தூர்தர்சனில் இத்தகைய தொடரின் தயாரிப்பாளர் ஒளிபரப்புக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அதற்கு ஈடாகக் கிடைக்கும் விளம்பர நேரத்தை விற்றே அவர் செலவை ஈட்டுவார். தொடக்கத்தில் ஒரு பகுதிக்கு 3.80 இலட்சம் ரூபாயாக இருந்த கட்டணம், ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிய பின் 7.80 இலட்சமாகவும், பின்னர் 10.80 இலட்சமாகவும் உயர்ந்தது என்பது அவர் கூற்று.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை நடைமுறையில் உள்ளதால், இத்தொடரைப் பார்த்த சிறுவர்களுள் பெரும்பாலோர் இந்தி அறியாதவர்கள். உருமாற்றம், சண்டை, வில்லனின் சிரிப்பு ஆகியவற்றைக் கொண்டே கதையைப் புரிந்துகொண்டனர். கம்பிவட இணைப்பு இல்லாத வீடுகளில் தூர்தர்சனே முதன்மையான அலைவரிசையாக இருந்தது. தாமிரபரணிக் கரையில் உள்ள ஏரல் போன்ற சிற்றூர்களிலும், தூத்துக்குடிக் கடலோரச் சிற்றூர்களிலும் கூரைமேல் பொருத்திய வானலை வாங்கியே இதற்குப் போதுமானது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் ஒளிபரப்பு அத்தலைமுறையினரின் பொது நினைவாக நிலைத்துள்ளது.

தமிழில் மீநாயகக் கதைகளுக்கு இதற்கு முன்பே வாசகர்கள் இருந்தனர். சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ், 1972-இல் இரும்புக்கை மாயாவி என்ற பிரித்தானியப் படக்கதையுடன் தொடங்கியது. எனவே சக்திமான் தமிழ்ச் சிறுவர்களுக்கு முதல் மீநாயகன் அல்லன். ஆயினும் இந்தியப் பெயரும் இந்தியப் பின்னணியும் கொண்டு, வாரந்தோறும் கட்டணமின்றி வீட்டிற்கு வந்த மீநாயகன் எனலாம்.

பிற்காலம்

2011-இல் அசைபட வடிவம் ஒன்று வெளியானது. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது தூர்தர்சன் பழைய பகுதிகளை மறு ஒளிபரப்புச் செய்தது. 2022 பிப்ரவரியில் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு, சக்திமானைத் திரைப்படமாக்கும் திட்டத்தை அறிவித்தது.

இவற்றையும் பார்க்க

மீநாயகன்
தூர்தர்சன்
இரும்புக்கை மாயாவி
நிறத்திரை முறை