புறம்போக்கு ஆராய்ச்சி

பழைய ஜப்பானியக் கிராமங்களில் பொதுக்காட்டுக்குத் திறப்பு நாள் என்று ஒன்று உண்டு. ஊர்த்தலைவர் நாள் குறித்த பிறகுதான் புல்லறுக்கவோ விறகு வெட்டவோ உள்ளே போகலாம். அதற்கு முன்பே அரிவாளோடு நுழைந்தால், குதிரையில் இருவர் இருவராகச் சுற்றிவரும் காவல்காரர்கள் பிடித்துவிடுவார்கள். அபராதமாகப் பணம் கேட்பார்கள்; சாகே என்னும் அரிசி மதுவும் கேட்பார்கள். மது காவல்காரர்களுக்கே. ஒருமுறை ஒரு கிராமத்தில் முப்பது பேர் மொத்தமாக அகப்பட்டார்கள். பார்த்தால், ஊரின் பெரிய வீட்டுக்காரர்களும் கூட்டத்தில் நிற்கிறார்கள். எல்லாரும் காய்கறிக் கொடிக்குக் கொழுகொம்பு வெட்ட வந்தவர்கள். தலைவர் நாளைத் தள்ளி வைத்துவிட்டார், அதுவரை காத்திருந்தால் கொடியெல்லாம் வீண் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். கடைசியில், மது வேண்டாம், ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது கொடுத்துவிடுங்கள் என்று பேசி முடித்தார்கள்.

இப்படிப்பட்ட சங்கதிகளை ஜப்பானில் தேடிச் சேகரித்தவர் மார்கரெட் மக்கீன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர். ஊர்க்கதையாகவே நின்றிருக்க வேண்டிய இந்த விவரங்கள் உலகத்தின் சுற்றுச்சூழல் சிந்தனையையே அசைத்துப் பார்த்தன. அதற்கு வழி செய்தது ஒரு மாநாடு.

அதைப் புரிந்துகொள்ள 1968-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் காரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாருக்கும் பொதுவான ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது. ஒவ்வொருவரும் தன் லாபத்துக்காக இன்னொரு மாடு, இன்னொரு மாடு என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் புல் மிஞ்சாது, நிலம் பாழாகும். ஆகவே பொதுச்சொத்து என்றாலே அழிவுதான். ஒன்று அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பட்டா போட்டுவிட வேண்டும். படித்தவர்கள் அப்படியே நம்பினார்கள். பல நாடுகளில் கொள்கையும் அந்தப் போக்கிலேயே எழுதப்பட்டது. ஹார்டினின் மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்ப்பவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை என்பதை ஏனோ பலர் கவனிக்கவில்லை.

கவனித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். துருக்கியின் கரையோர மீனவர்களை ஆராய்ந்தவர் ஒரு துறை. சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்தில் பழைய ஏடுகளைப் புரட்டியவர் மானிடவியல். ஆந்திராவின் பாசன ஊர்களில் அலைந்தவர் வேறு துறை. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வாய்ப்பில்லை.

1985 ஏப்ரலில் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இவர்களை அன்னாபொலிஸ் நகரில் கூட்டியது. ரொனால்ட் ஓக்கர்சன் என்பவர் முன்கூட்டியே ஒரு சட்டகம் தயாரித்திருந்தார். வளம் எப்படிப்பட்டது, அதைப் பற்றிய விதிகளை யார் எப்படி முடிவு செய்கிறார்கள், மக்கள் நடைமுறையில் எப்படி நடந்துகொள்கிறார்கள், விளைவு என்ன? மீனோ, புல்லோ, வாய்க்கால் தண்ணீரோ, இந்த நான்கு தலைப்பில்தான் சொல்ல வேண்டும். எளிய ஏற்பாடுதான். ஆனால் அதற்குப் பிறகுதான் ஜப்பான் காட்டையும் துருக்கிக் கடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. பார்த்தால், ஊர் கூடி விதி போட்டு, காவல் வைத்து, அபராதம் வசூலித்து, தலைமுறைகளாகப் பொதுவளத்தைக் காப்பாற்றிய ஊர்கள் ஏராளம்.

அந்த ஆராய்ச்சியாளர்களில் ஒருவர் எலினார் ஆஸ்ட்ரம். 1990-இல் வந்த அவருடைய புத்தகம் இத்தகைய ஊர்களை வரிசையாக அலசியது. துருக்கியின் அலான்யாவில் மீனவர்கள் செப்டம்பரில் சீட்டுக் குலுக்கி வலை போடும் இடத்தைப் பிரித்துக்கொண்டார்கள். பிறகு தினமும் ஓரிடம் தள்ளிப் போனார்கள், நல்ல இடம் எல்லாருக்கும் ஒரு நாள் வாய்த்தது. தோற்றுப்போன ஊர்களையும் அவர் விடவில்லை. இலங்கையின் தென்கரையில் மாவெல்ல மீனவர்களின் கரைவலைகள் அளவுமீறிப் பெருகிய கதை அதில் இருக்கிறது. 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். ஹார்டினும் பின்னாளில் இறங்கிவந்தார்: 'நிர்வகிக்கப்படாத' என்ற சொல்லைத் தன் கட்டுரையில் சேர்க்காமல் விட்டது பிழை என்று 1998-இல் ஒப்புக்கொண்டார்.

அன்னாபொலிஸில் கூடியவர்கள் கலைந்துவிடவில்லை. 1989-இல் பொதுவளங்களைப் படிப்பதற்கென்றே ஒரு சர்வதேசச் சங்கம் பிறந்தது. அதன் மாநாடுகள் பிலிப்பைன்ஸ், ஜிம்பாப்வே, மெக்சிகோ, பாலி என்று ஊர் ஊராகச் சுற்றின. மாநாடு என்றால் நமக்குக் கட்அவுட்டும் மாலையும் நினைவுக்கு வரும். இது வேறு ரகம். ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வு. ஆளுக்குப் பதினைந்து நிமிடம். நேரமானதும் தலைவர் ஒரு துண்டுச்சீட்டை நீட்டுவார், பேசுபவர் பார்க்காதது போல் தொடர்வார். உண்மையான விவாதம் டீ இடைவேளையில்தான். விமானக் கட்டணம், விசா, ஆங்கிலம் என்ற மூன்று வேலியையும் தாண்டி உள்ளே வருபவர்களில் காட்டையும் ஏரியையும் நம்பிப் பிழைப்பவர்கள் மிகக் குறைவு என்பதும் உண்மை.

2011 ஜனவரியில் இந்த மாநாடு ஹைதராபாத்துக்கு வந்தது. அதே மாதம் 28-ஆம் தேதி, மாநாட்டுக்குச் சம்பந்தமில்லாமல், பஞ்சாப் கிராமக் குளம் ஒன்றின் ஆக்கிரமிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஊர்ப் பொதுநிலங்களை மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும். அந்தத் தீர்ப்பு பொதுநிலத்தின் பெயர்களைப் பட்டியலிடுகையில் புறம்போக்கு, மந்தைவெளி, களம் என்ற நம் ஊர்ச் சொற்களும் வருகின்றன. மந்தைவெளி இன்று சென்னையில் ரயில் நிலையத்தின் பெயர். புறம்போக்கு வசவாகிவிட்டது. வரி இல்லாமல் ஊருக்கென்று ஒதுக்கிய நிலத்தின் பெயர், உருப்படாதவனைத் திட்டும் சொல்லாக மாறிய வரலாற்றுக்குத் தனியாக ஒரு அமர்வே வைக்கலாம்.

2013 ஜூனில் மாநாடு ஃபியூஜி மலையடிவாரத்துக்குப் போனது. அதை ஏற்று நடத்தியவர்களில் ஆராய்ச்சியாளர்களோடு, அந்த மலைக்காட்டின் பங்காளிகளான கிராமங்களின் கூட்டமைப்பும் இருந்தது. மக்கீன் ஆராய்ந்து, ஆஸ்ட்ரம் தன் புத்தகத்தில் சேர்த்த ஹிரானோ, நாகாய்க்கே, யாமனாக்கா கிராமங்கள் அதே அடிவாரத்தில்தான் இருக்கின்றன. ஆஸ்ட்ரம் அதற்கு ஓராண்டு முன்பே, 2012 ஜூனில் காலமாகியிருந்தார்.