சத்தமில்லாமல் தடுமாறும் மூளை

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் தாத்தா திடீரென்று கட்டிலுக்கு அடியில் பாம்பு என்கிறார். ஊசி போட வந்த தாதியைத் திருடி என்று திட்டுகிறார். 'புத்தி பேதலித்துவிட்டது' என்று வீட்டார் கலங்குகிறார்கள். உங்கள் குடும்பத்திலும் இப்படி நடந்திருக்கலாம். இது பைத்தியம் அல்ல. 'டெலிரியம்' எனப்படும் திடீர் மனக்குழப்பம். கிருமித் தொற்று, பிராணவாயுக் குறைவு, மயக்க மருந்து, தூக்கமின்மை ஆகியவற்றால் மூளையின் வேலை சில மணி நேரத்திலேயே தடுமாறிவிடும்.

கத்துகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பவரை 'நன்றாக ஓய்வெடுக்கிறார்' என்று விட்டுவிடுவோம். அவருக்கும் டெலிரியம் இருக்கலாம்.

அங்கேதான் மூளை அலைப் பதிவு, அதாவது இஇஜி, உதவுகிறது. 1924இல் ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். தலையில் ஒட்டும் மின்முனைகள் பிடிக்கும் அந்த மின்னழுத்தம், டார்ச்லைட் பேட்டரியின் 1.5 வோல்ட்டில் ஏறத்தாழ முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான். (என் மாணவர்கள் இதை நம்ப மறுப்பார்கள்!) விழித்தபடி கண்ணை மூடி அமைதியாக இருந்தால், அலை விநாடிக்கு 8 முதல் 13 முறை எழும். டெலிரியத்தில் அது மந்தமாகி 8க்கும் கீழே, சில சமயம் 4க்கும் கீழே இறங்கும். குழப்பம் கூடக்கூட அலை மந்தமாவதையும், தெளியத் தெளிய மீள்வதையும் அமெரிக்க மருத்துவர்கள் ரோமனோவும் எங்கெலும் 1940களிலேயே கண்டார்கள்.

அப்படியானால் எல்லாருக்கும் இஇஜி பொருத்திவிடலாமே? மயக்க மருந்தும் தூக்கமும்கூட அலையை மந்தமாக்கும் என்பதால், இயந்திரம் தனியாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அறுவை சிகிச்சையின்போது இஇஜி பார்த்து மயக்க மருந்தைக் குறைத்தால் பிறகு டெலிரியம் குறையுமா என்று 1,232 முதியவர்களிடம் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு: குறையவில்லை. ஆனால் ஒன்றில் இஇஜிக்கு மாற்று கிடையாது. உடல் உதறாமல் மூளைக்குள் மட்டும் நடக்கும் வலிப்பு, வெளியே பார்க்க அமைதியான டெலிரியம் போலவே இருக்கும். அலையைப் பார்த்தால்தான் தெரியும். சிகிச்சையோ முற்றிலும் வேறு.

2020இல் எங்கள் சுங்கை பூலோ மருத்துவமனை கோவிட் சிகிச்சையின் முக்கிய மையமாக இருந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் 14 நாடுகளில் 2,088 கோவிட் நோயாளிகளை ஆராய்ந்ததில், பாதிக்கும் மேற்பட்டோருக்கு டெலிரியம் வந்திருந்தது. குடும்பத்தாரை நேரிலோ காணொளியிலோ பார்த்தவர்களுக்கு அது குறைவாகவே இருந்தது.

ஆகவே பார்க்கப் போகும்போது மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார் என்று சொல்லுங்கள். கட்டிலருகே செய்யும் சோதனை ஒன்றில் தாதி பத்து ஆங்கில எழுத்துகளைச் சொல்வார். 'ஏ' வரும்போது மட்டும் நோயாளி கையை அழுத்த வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி அழுத்தாமல் இருந்தால், குழப்பமா, மொழி புரியவில்லையா? அதைத் தாதியிடம் சொல்லக்கூடியவர் நீங்கள்தான். 'பாட்டி வழக்கமாக இப்படி இருக்கமாட்டார்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.