கரிசல் காட்டில் மூன்று ஏர்கள்

மேல்நாட்டுச் சித்திரப் பத்திரிகைகளில் "வசந்த காலத்து விதைப்பு" என்று படம் போட்டிருப்பதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். பனி உருகிய வயல். பசும்புல் தலைகாட்டும் வரப்பு. நடுவில் செக்கச் செவேலென்று ஒரு யந்திரம். நம்முடைய தூத்துக்குடி ஜில்லாவில் வசந்தம் என்றால் சித்திரை வெயில்தான். அப்போது கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். சில வெடிப்புகளில் கைத்தடியை விட்டால் பிடி மட்டுந்தான் வெளியே நிற்கும். அந்த வெயிலிலும் சித்திரை முதல் தேதியன்று கோவில்பட்டி, எட்டயபுரம் பக்கத்துக் கிராமங்களில் பொன்னேர் பூட்டத் தவறுவதில்லை. ஏருக்கும் காளைக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, ஊர்ப் பொது நிலத்தில் நாலு சால் ஓட்டி, கைப்பிடி விதையைத் தூவி விட்டு வருகிறார்கள். அது தெய்வத்துக்குச் செய்யும் விதைப்பு. வயிற்றுக்குச் செய்யும் விதைப்பு புரட்டாசியில் நடக்கிறது. ஆகவே கரிசல் காட்டின் வசந்தம் புரட்டாசி மாதம் என்று சொன்னால் பஞ்சாங்கக்காரர்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது.

மில்லர்புரத்தில் குடியிருக்கும் நம் போன்றவர்களுக்கு விவசாயம் என்பது காய்கறிக் கடையோடு முடிந்து போகிறது. கிழக்கே கடல், துறைமுகம், உப்பளம். நகரத்துப் பேச்சு முழுவதும் அவற்றைப் பற்றியதே. ஆனால் பஸ் ஏறி வடமேற்கே சென்றால், ஆயத்த ஆடைகளுக்குப் பெயர் பெற்ற புதியம்புத்தூரைத் தாண்டியதும் மண்ணின் நிறம் மாறி விடுகிறது. அப்புறம் ஓட்டப்பிடாரம். கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி. 1872இல் பிறந்த ஊர். அங்கிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வரையில் கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் கறுப்பு நிலம். "டின்னவேலி" என்ற பெயருடன் சீமைக்குப் போன பருத்தி இந்த மண்ணில்தான் விளைந்தது. தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியாரின் கோரல் மில் எழுந்ததும், 1908இல் அந்த ஆலைத் தொழிலாளிகளின் வேலைநிறுத்தத்தை வ.உ.சி. முன்னின்று நடத்தியதும் இந்தப் பருத்தியை ஒட்டி வந்த கதைகளே. இன்று பருத்தி குறைந்து மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பெருகியிருக்கின்றன.

புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் அந்தப் பக்கம் போயிருந்தபோது, ஒரே பார்வையில் மூன்று விதமான உழவையும் காணக் கிடைத்தது. ஒரு காட்டில் (இங்கே புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வார்கள்) ஒரு ஜோடிக் காளைகள் நாட்டுக் கலப்பையை இழுத்துக் கொண்டிருந்தன. ஏர்பிடித்தவருக்கு வயது எழுபதுக்குக் குறையாது. அவருக்குப் பின்னால் ஓர் அம்மாள் மடியில் விதையைக் கட்டிக்கொண்டு, சாலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அதற்கு அடுத்த காட்டில் டிராக்டர் ஒன்று ஒன்பது கொத்துக் கலப்பையைப் பூட்டிக்கொண்டு புழுதிப் படலத்துக்குள் மறைந்து மறைந்து வெளிப்பட்டது. அங்கே ஒருவர் முன்னதாகவே உளுந்தைக் கையால் வீசியிருந்தார். விதையை மண்ணுக்குள் தள்ளுவதுதான் டிராக்டரின் வேலை. மூன்றாவது காட்டில் இன்னொரு டிராக்டர். அதன் பின்னால் நீளமான தகரப் பெட்டியும், பெட்டியிலிருந்து இறங்கும் குழாய்களும், ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு கொழுவுமாக விதைப்புக் கருவி தொங்கியது.

முதலில் காளைகளிடம் போவோம். மேழி, ஏர்க்கால், நுகத்தடி, கொழு என்று கலப்பையின் உறுப்புகளைத் தனித்தனியே புகழ்ந்து கம்பர் பாடியதாக 'ஏரெழுபது' என்று ஒரு நூலே இருக்கிறது. டிராக்டரின் உறுப்புகளைப் பற்றி இன்னும் யாரும் அவ்வாறு பாடக் காணோம். ஆனால் நாட்டுக் கலப்பையைப் பாட்டில் கேட்பது வேறு, அதன் பின்னால் நடப்பது வேறு. சாலுக்குச் சால் ஒரு சாண் இடைவெளி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரை ஒரே தடவை உழுது முடிக்க, ஏர்பிடிக்கிறவர் ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரண்டேகால் ஏக்கர் உழுதால் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாத யாத்திரை போன மாதிரி. அதுவும் கட்டி கட்டியாகக் கிடக்கும் மண்ணில், வெறுங்காலுடன். நல்ல ஜோடி மாடுகள் ஒரு நாளில் ஒரு ஏக்கர் முடித்தால் பெரிது. மேலும் இந்தக் கலப்பை ஆப்பு வடிவத்தில் மண்ணைப் பிளந்து போவதால், இரண்டு சாலுக்கு நடுவே உழாத மண் நின்று விடும். குறுக்கே இன்னொரு தடவை உழ வேண்டும்.

இந்தக் குறைகளையெல்லாம் பார்த்து, நம் நாட்டுக் கலப்பையை ஒழித்துவிட வேண்டும் என்று நினைத்த துரைமார்கள் இருந்தார்கள். 1860களில் சென்னைக் கவர்னராக இருந்த ஸர் வில்லியம் டெனிஸன் காலத்தில் சைதாப்பேட்டையில் பரீட்சைப் பண்ணை ஏற்பட்டது. சீமையிலிருந்து நீராவிக் கலப்பை முதலிய யந்திரங்கள் வரவழைக்கப்பட்டன. கரி தின்னும் அந்த யந்திரங்கள் நம் குடியானவர்களின் சிறு வயல்களுக்கு வந்து சேரவே இல்லை. 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட டாக்டர் வோல்க்கர் என்ற ரசாயன நிபுணர் தேசமெங்கும் சுற்றிப் பார்த்து, இந்தியக் குடியானவன் கெட்டிக்காரன், அவனுடைய கருவிகளில் புதிதாகத் திருத்துவதற்கு அதிகம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். உபதேசம் செய்ய வந்தவர் பாடம் கேட்டுக்கொண்டு திரும்பினார்!

இனி, மூன்று காடுகளிலும் நடந்த காரியத்தின் உயிர்நிலை எது என்று பார்க்க வேண்டும். யந்திரத்தைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதன் வேகத்தைப் பார்த்து மலைத்துப் போகிறோம். கரிசல் விவசாயிக்கு வேகமும் வேண்டியதுதான். ஆனால் அவருடைய வருஷத்துச் சாப்பாட்டைத் தீர்மானிப்பது விதை எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்பது. இந்த ஜில்லாவில் வருஷ மழை ஏறக்குறைய 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருகிறது. கரிசல் நனைந்து விட்டால் பசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாடும் இறங்காது, டிராக்டரும் இறங்காது. ஈரம் காய்ந்து காட்டுக்குள் போவதற்குள் மழையில் பாதி வீணாகி விடும். ஆதலால் மழைக்கு முன்பே, காய்ந்த புழுதியிலேயே விதைத்து விடுகிறார்கள். புரட்டாசிச் சீட்டாட்டம் இதுதான்.

விதை மேலாக விழுந்தால் என்ன ஆகும்? முதல் தூற்றல் விழுந்ததுமே முளைத்து விடும். அடுத்த மழைக்குப் பதினைந்து நாள் ஆனால் முளை கருகிப் போகும். எறும்பும் குருவியும் தின்றது போக மிஞ்சியதற்குத்தான் இந்தக் கதியும்! மிக ஆழமாக விழுந்தாலோ, முளை மேலே வரத் திராணியில்லாமல் உள்ளேயே அழுகும். ஐந்து சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குல ஆழத்தில் விழுந்தால் விதை காத்திருக்கும். அந்த ஆழம் வரையில் மண் நனைய 20, 25 மில்லிமீட்டர் மழையாவது பெய்ய வேண்டும். அவ்வளவு பெய்தால், முளைத்த பயிர் அடுத்த மழை வரையில் தாக்குப் பிடிக்கும். பூமிக்குள் இருக்கும் விதைக்கு மழையை அளந்து பார்க்க இதைவிட நல்ல கருவி வேறு இல்லை. இந்த முன்பருவ விதைப்பை, 1901 முதல் கோவில்பட்டியில் இருந்து வரும் விவசாய ஆராய்ச்சி நிலையத்தாரும், கோயமுத்தூர்ப் பல்கலைக் கழகத்தாரும் வற்புறுத்திச் சொல்லி வருகிறார்கள்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் மூன்று காடுகளின் தராதரம் வேறாகி விடுகிறது. காளைகளின் பின்னால் வந்த அம்மாள் சாலில் போட்ட விதை ஏறக்குறைய ஒரே ஆழத்தில் விழுந்தது. இரண்டாவது காட்டிலோ, வீசிய உளுந்தில் ஒரு பங்கு மேலேயே கிடந்தது. ஒரு பங்கு நாலைந்து அங்குலத்துக்குக் கீழே போய்ப் புதைந்தது. வேலை என்னவோ கண்மூடித் திறப்பதற்குள் முடிந்து விட்டது. டிராக்டர் வந்தது என்றவுடன் எல்லாம் முன்னேறி விட்டதாக எண்ணி விடக் கூடாது. பல ஊர்களில் முதலில் வந்த மாறுதல் இதுதான்: சாலில் எண்ணிப் போட்ட விதை போய், வீசி எறிந்த விதை வந்தது. ஏர் நவீனமாயிற்று, விதைப்பு ஒரு படி கீழே இறங்கிற்று. இப்படிச் சொல்வது டிராக்டர்காரர்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம்.

மூன்றாவது காட்டில் இருந்த கருவி அந்தப் படியை மறுபடியும் ஏறியிருக்கிறது. பெட்டிக்கு அடியில் பள்ளம் வெட்டிய உருளைகள் இருக்கின்றன. கருவியின் சக்கரம் தரையில் உருளும்போது அவையும் சுழன்று, நடந்த தூரத்துக்குத் தக்கபடி விதையைக் குழாயில் இறக்குகின்றன. டிராக்டர் நின்றால் விதையும் நின்று விடும். உளுந்துக்கு வரிசை இடைவெளி 30 சென்டிமீட்டர், சோளத்துக்கு 45 என்று மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஆழத்தையும் முன்கூட்டியே நிறுத்தி வைக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஏக்கர் முடிந்து விடுகிறது. பயிர் வரிசையாக முளைப்பதால் பிறகு களை எடுப்பதும் சுலபம்.

இவ்வளவு சாமர்த்தியமும் நேற்றுப் பிறந்தது என்று நேயர்கள் நினைத்தால், காப்டன் ஹால்காட் என்பவரின் அனுபவத்தைக் கேட்க வேண்டும். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701 வாக்கில் விதைப்புக் கருவி ஒன்றை அமைத்தார். அது ஐரோப்பாவின் புதுமை என்று அந்நாட்டார் பெருமை கொண்டிருந்தார்கள். ஹால்காட்டும் அப்படித்தான் நம்பியிருந்தார். தெலுங்கு நாட்டில் ஒரு வயலோரம் போகும்போது, சாதாரணக் குடியானவர்கள் வரிசை விதைப்புக் கருவியை வெகு அலட்சியமாக ஓட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். மூன்று கொழு, அவற்றுக்கு மேல் மூங்கில் குழாய்கள், குழாய்களின் தலையில் ஒரு மரக் கிண்ணம். கிண்ணத்தில் கையால் விதையை விட்டுக்கொண்டே போனால் மூன்று வரிசையிலும் சமமாக இறங்கும். அதைப் பற்றி 1795இல் அவர் எழுதியனுப்பிய விவரத்தைக் காந்தியவாதியான தரம்பால் 1971இல் தம் புத்தகத்தில் வெளியிட்டார். தெலுங்கில் அந்தக் கருவிக்குக் கொர்ரு என்று பெயர். கரிசல் காட்டு டிராக்டரின் பின்னால் தொங்கும் தகரப் பெட்டியின் பாட்டனார் அந்த மரக் கிண்ணந்தான்.

அப்படியானால் காளைகள் ஏன் இவ்வளவு அருகி விட்டன? ஏர்பிடித்த பெரியவரையே கேட்டேன்.

"அண்ணாச்சி, இந்தப் பக்கம் இன்னும் எத்தனை ஜோடி இருக்கு?"

"எங்க ஊரில மூணு ஜோடி, ஐயா. உழவு வருசத்துக்கு இருபது நாள். தீனி முந்நூத்து அறுபத்தஞ்சு நாள்" என்றார்.

பொருளாதார நிபுணர்கள் ஒரு புத்தகம் எழுதிச் சொல்வதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லி விட்டார். ஆனாலும் மாடு இருபது நாள் மட்டுமே உழைக்கிறது என்பது முழு உண்மை ஆகாது. மற்ற நாட்களில் அது சாணி போடுகிறது. டிராக்டர் நன்றாக உழும், ஆனால் சாணி போடாது என்று ஜே.சி. குமரப்பாவின் பெயரால் ஒரு சொல் வழங்கி வருகிறது. திருவள்ளுவரும் உழுவதைவிட எரு இடுவதே நல்லது என்ற கட்சிதான். அந்தச் சாணிக்குப் பதில் யூரியா வந்தது. 1969இல் பதிவான ஸ்பிக் கம்பெனி நம் தூத்துக்குடியிலேயே அதற்குப் பெரிய ஆலையைக் கட்டிற்று. இவ்வாறு மாடு செய்த இரண்டு தொழிலில் ஒன்றை டிராக்டரும் மற்றதை உரத் தொழிற்சாலையும் எடுத்துக்கொண்டன. மாட்டுக்கு வேலை இல்லாமற் போனதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. சென்னையில் 1960இல் டாஃபே கம்பெனி ஏற்பட்ட பிறகு டிராக்டர் நம்மவர் தொழிலாகி விட்டது. சீமைச் சரக்கு என்று இனி அதை ஒதுக்குவதற்கில்லை. ஆனால் இரண்டு மூன்று ஏக்கர்க்காரர் சொந்தமாக டிராக்டர் வாங்க முடியாது. வாடகைக்குத்தான் பிடிக்க வேண்டும். சர்க்கார் விவசாயப் பொறியியல் இலாகாவும் யந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. 2018இல் வந்த உழவன் செயலியின் மூலம் கைப்பேசியிலேயே பதிவு செய்து கொள்ளலாம். இருந்தாலும் எல்லோருக்கும் யந்திரம் வேண்டியிருப்பது அதே பதினைந்து, இருபது நாட்களில்! சொந்த மாடு இருந்தவர் வானத்தைப் பார்த்து விதைத்தார். வாடகை யந்திரத்தை நம்பியவர் வானத்தையும் பார்க்க வேண்டும், டிராக்டர் வரும் பாதையையும் பார்க்க வேண்டும். டிராக்டர்காரர் பெரிய காட்டை முடித்து விட்டுத்தான் சின்னக் காட்டுக்கு வருவார். மூலையில் திரும்புவதற்கே டீசல் செலவாகிறது என்று அவரும் ஒரு நியாயம் வைத்திருக்கிறார். நாலு பேர் சேர்ந்து ஒரு விதைப்புக் கருவியைப் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டால் இந்தக் கஷ்டம் பாதி தீரும் என்பது என் அபிப்பிராயம்.

முன்னெல்லாம் பருவமழையின் வழக்கம் ஒருவாறு தெரிந்திருந்தது. இப்போது அதுவும் குழம்பியிருக்கிறது. 2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. வருஷம் முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அதிகம்! அத்தகைய மழைக்கு இரண்டு அங்குல ஆழம் என்ன செய்யும்?

நான் புறப்படும் சமயத்தில் விதைப்புக் கருவி மூன்றாவது காட்டை முடித்து விட்டு வண்டிப் பாதையில் ஏறிற்று. வரப்பில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞர் எழுந்து ஓடி அதை நிறுத்தினார். அவருக்கு ஒன்றரை ஏக்கர் உளுந்து பாக்கி. ஓட்டுநர் தம் கைப்பேசியைப் பார்த்து, "உங்களுக்கு நாளைக் கழிச்சுதான் அண்ணே, முன்னால ஒன்பது பேர் இருக்காங்க" என்றார். இளைஞர் வடகிழக்கே திரும்பிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் மேகம் இன்னும் கட்டவில்லை.