வேலனை அழைக்குமுன்

அகப்பொருட் செய்யுட்களைக் கற்பிக்கும்போது மாணவர் தம்முள் நகைத்துக்கொள்ளும் இடமொன்று உண்டு. அதுதான் வெறியாட்டு. தலைவியின் மேனி வாடுகின்றது. உணவில் விருப்பம் குன்றுகின்றது. பந்தும் பாவையும் கிடந்தபடியே கிடக்கின்றன. நேற்றுவரை ஓடியாடிய மகள் இன்று வாளாவிருக்கக் கண்ட தாய் கலங்குகிறாள். முருகன் அணங்கினான் என்று துணிகிறாள். வேலன் வருகிறான், களம் இழைக்கிறான், ஆட்டுமறியின் குருதியைத் தூவுகிறான். இத்தனையும் நிகழ்கையில், உண்மைக் காரணத்தை அறிந்தவள் ஒருத்தி அருகிலேயே நிற்கிறாள். அவள் தோழி. தக்க காலம் பார்த்து அவள் அவ்வுண்மையை வெளியிடுதலையே அறத்தொடு நிற்றல் என்று நம் இலக்கண நூலார் வழங்கினர்.

தலைவியின் நோய் காதல் நோய். அதனைச் சிறு பிள்ளைகளுக்கு ஒப்பிடுதல் பொருந்தாது என்பீர். நோய் வேறு, தாய் செய்த பிழை ஒன்றே. ஒரு பிள்ளை திடீரென மாறினால் நாம் காரணத்தைத் தேடுவதில்லை, பெயரைத் தேடுகிறோம். அன்று அணங்கு என்றார்கள். இன்று வீட்டில் கண்ணூறு என்பார்கள், நூல் கட்டுவார்கள். பாடசாலையிலோ அடங்காமை, பிடிவாதம், சோம்பல், கைத்தொலைபேசியின் கேடு என்பார்கள். பெயரிட்டவுடன் மருந்தும் வந்துவிடுகிறது. பெரும்பாலும் அம்மருந்து பிரம்பாகவே இருந்துவந்தது. இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்துப் பாடசாலைகளில் உடற்றண்டனையை விலக்கியது. விலக்கப்பட்ட பொருள் எல்லா வகுப்பறைகளிலிருந்தும் மறைந்துவிட்டது என்று எழுத என் பேனை துணியவில்லை.

தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலை நாம் அணிநயத்துக்காக மட்டும் படிக்கின்றோம். அவர் எட்டு மெய்ப்பாடுகளையும் கூறி, ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களம் நான்கு நான்கு என வகுத்தார். அழுகைக்கு இழவு ஒரு காரணம். வறுமையும் ஒரு காரணம். வெகுளிக்கு அவர் கூறும் நான்கனுள் உறுப்பு அறுபடுதலும், சுற்றத்தார் நலிவுறுதலும், அலைக்கப்படுதலும், கொலையும் அடங்கும். அலைக்கப்படுதலாவது வைதலும் அடித்தலும் முதலாயின. அச்சத்தின் நிலைக்களத்துள் ஒன்றாகிய 'இறை' என்பதற்குத் தந்தையும் ஆசிரியரும் அரசரும் என்று உரை கூறுவர். ஆசிரியர் தம்மையும் அப்பட்டியலிற் காண்பது நன்று. நூலாசிரியர் கருத்து யாதெனின், மெய்யின்கண் தோன்றுவது எதுவும் காரணமின்றித் தோன்றாது என்பதே. திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு அந்நான்கு காரணங்களும் ஏட்டுச் சுவடியில் உறங்குவன அல்ல.

1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு பொழிந்ததை நம் பாட்டன்மார் கண்டனர். அதனை விடுவோம். 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, முழுமதி நாள். காலை ஒன்பது மணியளவில் கடல் எழுந்து வந்து கிண்ணியா, மூதூர், திருக்கடலூர், நிலாவெளி, இறக்கக்கண்டி எனக் கரையோரத்தை வாரிக்கொண்டு போயிற்று. கிண்ணியா வைத்தியசாலையும் தப்பவில்லை. ஓராண்டுக்குப்பின், 2006 சனவரி 2ஆம் நாள், நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டிலேயே போர் மீண்டும் மூண்டது. சம்பூர் மக்கள் ஊரை விட்டகன்று, ஏறத்தாழ ஒன்பது பத்து ஆண்டுகள் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கழித்தே மீண்டனர். வகுப்பேட்டில் இவற்றைக் குறிக்கும் நிரல் இல்லை. வரவு, வராமை என்னும் இரண்டே அங்குண்டு.

கடற்கோள் நிகழ்ந்து மூன்று நான்கு கிழமைகளுக்குள், செருமானிய உளவியலாளர் பிராங்க் நொய்னரும் அவருடன் பணியாற்றியோரும் மணற்காடு, கொஸ்கொட, காலி ஆகிய மூன்று கரையோர இடங்களில் 264 பிள்ளைகளை ஆராய்ந்தனர். இடத்துக்கு இடம் நூற்றுக்கு 14 முதல் 39 வரையான பிள்ளைகளிடம் நெருக்கீட்டு நோயின் குறிகள் இருந்தன. அலையை நேரிற் கண்டதும் குடும்பத்தாரை இழந்ததும் மட்டுமல்ல, அதற்கு முன்னரே பட்ட துன்பங்களும் நோயை மிகுவித்தன என்று கண்டனர். 2008இல் கிளவுடியா கற்றானி முதலியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமானது. வடகிழக்கில் 296 தமிழ் மாணவரை அவர்கள் வினவினர். போரும் அலையும் பிள்ளையை நேரே தாக்கியதோடு நிற்கவில்லை. தந்தையின் குடியாகவும் வீட்டுக்குள் விழும் அடியாகவும் மாறி மறுபடியும் தாக்கின என்பது அவ்வாய்வின் முடிபு. கடல் வடிந்த பின்னும் வீட்டில் அலை ஓயவில்லை. இங்கே அலை என்பதைத் தொல்காப்பியர் பொருளிலும் கொள்க.

நொந்த பிள்ளை நொந்தேன் என்று சொல்லாது. சொல்லத் தெரியாமையே அதற்குக் காரணம். ஐந்து வயதுப் பிள்ளை, விட்டுவிட்ட பழக்கங்களுக்கு மீளும்: விரல் சூப்பும், பாயை நனைக்கும், தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு விடாது. எட்டு வயதுப் பிள்ளை மண்ணில் வீடு கட்டித் தானே அதனை இடிக்கும்; மறுநாளும் கட்டும், மறுநாளும் இடிக்கும். பன்னிரண்டு வயதில் அச்சம் சினமாக வேடம் மாறும். அடிபிடி, பொய், களவு, பாடசாலைக்கு ஒளித்தல் என்றவாறு வரும். எவர்க்கும் தொல்லை தராமல் ஒரேயடியாக ஒடுங்கிப்போகும் பிள்ளையும் உண்டு. நல்ல பிள்ளை என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். என் கருத்தில் அப்பிள்ளையே முதலிற் பார்க்கத்தக்கது.

கரையோரப் பாடசாலை ஒன்றில் 2005ஆம் ஆண்டு நிகழ்ந்ததைக் கூறுகிறேன். பதினொரு வயதுச் சிறுவன், அமைதியானவன். அவன் நாடோறும் ஒன்பது மணியளவில் வகுப்பைவிட்டு எழுந்து போகத் தொடங்கினான். கேட்டால் மறுமொழி இல்லை. முழந்தாளில் நிறுத்தினார்கள், மறுநாளும் போனான். பெற்றோரை அழைத்தார்கள், வந்தவர் சிற்றப்பன், அவரும் அங்கேயே இரண்டு போட்டார். கிழமைகள் சென்றபின் அவனுடன் ஒரே வாங்கில் இருந்த பையன்தான் தமிழாசிரியையிடம் மெல்லச் சொன்னான்: "ரீச்சர், அவன் மதிலிலை ஏறிக் கடலைப் பார்த்திட்டு வாறவன். தண்ணி உள்ளுக்குப் போகுதோ எண்டு பார்க்கிறவன்." அவ்வளவுதான். கடல் உள்வாங்கினால் எல்லாரையும் எழுப்பி ஓடச் செய்யும் பொறுப்பைச் சிறுவன் தன் தலையில் ஏற்றிருந்தான். அவ்வாசிரியை அவனைத் தடுக்கவில்லை. ஒன்பது மணிக்குத் தாமும் அவனுடன் மதிலடிக்குச் சென்றார், இருவரும் கடலைப் பார்த்தனர், திரும்பி வந்தனர். சில நாட்களில் அவன் வாயில்வரை மட்டும் போனான். பின்னர் யன்னலோடு நின்றுகொண்டது. அறத்தொடு நின்ற தோழி யார் என்று என் மாணவர் எவரேனும் கேட்பின், அந்த வாங்குத் துணைவனையே காட்டுவேன்.

இத்தகைய துயரை ஆராய்ந்து தமிழில் எழுதியவருள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் முதன்மையானவர். அவர் தம் நூலுக்கு 'மனவடு' என்று பெயரிட்டார். சொல்லாராய்ச்சியில் பற்றுடையோர், வடு என்பது ஆறிய புண்ணின் தழும்பன்றோ என வினவலாம். குறள் ஆறாததற்கே அச்சொல்லை வைத்தது. ஆதலின் பெயர் பொருத்தமே. மட்டக்களப்பில் 1996இல், கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முசுலிம் பிள்ளைகளும் அங்கே ஒருங்கு கூடிக் களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை கட்டி நடித்தனர். என்ன நடந்தது என்று எவரும் குடைந்து கேட்கவில்லை. மண்ணும் நிறமும் கேட்டன.

இனி, எல்லா மாற்றத்துக்கும் போரையும் கடலையும் காரணங் காட்டுதலும் வேலனை அழைப்பது போன்றதே. உடலை முதலிற் பார்க்க வேண்டும். சொன்னதைச் செய்யாத பிள்ளைக்குக் காதில் சீழ் இருக்கலாம். கரும்பலகையைப் பாராதவனுக்குக் கண் மங்கியிருக்கலாம். பாடத்தின் நடுவே சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டுப் பின் ஒன்றுமறியாதவள் போலத் தொடரும் சிறுமிக்கு இருப்பது கவனமின்மை அன்று. உடல் உதறாமலே வரும் வலிப்பின் ஒருவகை அவ்வாறு தோன்றும். அதற்கு மருத்துவம் உண்டு. வசைமொழி அம்மருத்துவம் அன்று. வெறும் குறும்பும் உலகில் உண்டென்பதை மறுக்கவில்லை. அளவுகோல் யாது? பக்கத்துப் பிள்ளை அன்று. அதே பிள்ளையின் நேற்றைய நிலையே அளவுகோல். ஆகவே நான் இளம் ஆசிரியர்க்குக் கூறுவது ஒரு கேள்வியையே: இது எந்நாள் தொடங்கியது? நாளைக் கண்டால் பெரும்பாலும் காரணத்தையும் காணலாம்.

அந்நாள் பல வீடுகளில் தாய் விமானமேறிய நாளாக இருக்கின்றது. நம் மாவட்டத்திலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்ற தாய்மார் பலர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாயர் செல்வதை அரசு 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை மூலம் கட்டுப்படுத்தியது. 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. வறுமை விதிக்கு அடங்காது. இரண்டாம் உலகப்போரில் இலண்டனில் குண்டு விழுந்த காலத்து அன்னா பிராய்டும் டொரதி பேர்லிங்காமும் சிறார் இல்லங்களை நடத்தினர். தாயின் அருகிலிருந்த குழந்தை குண்டோசையையும் ஓரளவு தாங்கியது. தாயைப் பிரிந்த குழந்தை பாதுகாப்பான இடத்திலும் தளர்ந்தது என அவர்கள் குறித்து வைத்தனர். தாய் அனுப்பும் பணத்தில் புதுச் சப்பாத்து அணிந்து வரும் பிள்ளை, யாது குறை என்று கேட்கும் ஆசிரியர்க்கு என்ன விடை கூறும்?

மற்றொரு காரணத்தை எழுதக் கை கூசினும் எழுதியாக வேண்டும். ஒரு குறித்த வீட்டுக்கோ, பிரத்தியேக வகுப்புக்கோ, உறவினர் ஒருவரிடமோ போகமாட்டேன் என்று பிள்ளை திடீரென அலறுமாயின், அதனைப் பிடிவாதம் என்று தள்ளுதல் கொடுமை. அங்கே பிள்ளையைப் பலர்முன் நிறுத்தி விசாரித்தலும் ஆகாது. சொல்வதை நம்பிக் கேட்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் தொலைபேசி எண்ணுக்கு அறிவித்தல் வேண்டும். குடும்ப மானம் கெடும் என்பார் இருப்பர். பிள்ளையும் அக்குடும்பத்தினதே.

2004இல் ஏழு வயதாயிருந்தோர் இன்று தம் பிள்ளைகளை நம்மிடம் கொணர்ந்து சேர்க்கின்றனர். திருக்கடலூரிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி, கடற்கரைச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, புறப்படும் காலையில் வயிற்றுவலி என்று அழுதாள். அவள் அலையைக் கண்டவள் அல்லள். அதன்பின் பல்லாண்டு கழித்துப் பிறந்தவள். தாயிடம் வினவினோம். முந்திய இரவு தாய் உறங்கவில்லையாம். மகளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லையாம். இவ்வாண்டு சுற்றுலாவுக்குத் தாயையும் உடன் வருமாறு அழைத்திருக்கிறோம்.