குளியலறையில் கேட்ட குரல்

அமெரிக்காவின் கொலம்பியா நகரில் தென் கரோலினா பல்கலைக்கழக மாணவர் விடுதி. ஆண்டு 1986. ஷவருக்கு அடியில் நின்று ஒருவர் வாய்விட்டுப் பாடுகிறார். அந்தக் குரலைக் கேட்டு அசந்துபோனவர் மார்க் பிரையன். அவருக்குக் கிட்டார் வரும். பாடியவர் டேரியஸ் ரக்கர். இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். பேஸ் கிட்டாருக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர் வந்தார்கள். 'ஹூட்டி அண்ட் த ப்ளோஃபிஷ்' என்ற இசைக்குழு உருவானது.

இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர்கள் குழுவிலேயே இல்லை, நேயர்களே! ரக்கரின் கல்லூரித் தோழர்கள் இருவர். ஒருவருக்கு ஆந்தை போன்ற தோற்றம். இன்னொருவருக்குப் பேத்தை மீன் போல உப்பிய கன்னங்கள். முன்னவரின் பட்டப்பெயர் 'ஹூட்டி', பின்னவருடையது 'ப்ளோஃபிஷ்'.

பல ஆண்டுகள் சுற்றுவட்டாரக் கல்லூரி ஊர்களில்தான் பாட்டு. 1993-இல் ஒரு சிறிய இசைத்தொகுப்பைத் தாங்களே வெளியிட்டார்கள். மறு ஆண்டு வந்தது 'கிராக்டு ரியர் வியூ' என்னும் இசைத்தொகுப்பு. அமெரிக்காவில் மட்டும் 2 கோடிக்கு மேல் விற்பனை! 1996-இல் இரண்டு கிராமி விருதுகள்.

பிறகு ரக்கர் நாட்டுப்புற மணம் வீசும் கன்ட்ரி இசைக்குப் போனார். 2008-இல் அவர் பாட்டு கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பாடகர் ஒருவர் அங்கே தனியாக முதலிடம் தொட்டு அப்போது 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1983-இல் தொட்டவர் சார்லி பிரைட்.

கொலம்பியாவின் ஃபைவ் பாயின்ட்ஸ் பகுதியில், 2010 முதல் இக்குழுவுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.