ஸ்டீல் சிங்க்குக்கு ஆசிட் ஆகாது... கடப்பாக்கல்லுக்கு எலுமிச்சையே ஆகாது!

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் தென்காசி வீடுகளில் உறவினர் கூட்டம்தான். அருவிக் குளியல் பசிக்கு அடுப்பும் ஓயாது, சிங்க்கும் ஓயாது. பார்டர் புரோட்டா பார்சல் வந்துவிட்டால் சால்னா எண்ணெய் வேறு! அதைப் பழைய பேப்பரால் துடைத்தெடுத்த பிறகு கழுவுங்கள். இல்லையென்றால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

ஸ்டீல் துருப்பிடிக்காமல் காப்பது, கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம். ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டுமே அதை அரித்துவிடும். இரும்பு நாரும் வேண்டாம். ஒட்டிக்கொள்ளும் துணுக்குகள் துருவாகும். ஸ்பாஞ்சும் பாத்திரம் கழுவும் லிக்விடும் போதும். உப்புக்கறைக்கு மட்டும் தண்ணீர் கலந்த வினிகர் தடவி, 10 நிமிடத்துக்குள் கழுவிவிடுங்கள்.

அதே வினிகர் கடப்பாக்கல் தொட்டிக்கு எமன். அது சுண்ணாம்புக்கல், எலுமிச்சை, புளி பட்டாலே மெருகு போய்விடும். பழைய வீட்டு மொசைக் தொட்டிக்கும் இதே கதைதான். இரண்டுக்கும் சோப்புத் தண்ணீரே நல்லது. குவார்ட்ஸ் சிங்க்கில் ரெசின் கலந்திருப்பதால், கொதிக்கும் குக்கரை அதில் இறக்காதீர்கள்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட்டையோ வினிகரையோ சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். சாரலுக்காக ஜன்னல் சாத்திய சமையலறையில் அது உயிருக்கே ஆபத்து. தெரியாமல் கலந்துவிட்டால், கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.